டிக்கெட் 1,500 ரூபாய், பேக் 6,000 ரூபாய்! - ஐரோப்பாவை பட்ஜெட்ல சுத்துறது நிஜமாவே பட்ஜெட்தானா?

"காலையில ரோம்ல காபி, நைட்டு பார்சிலோனால டின்னர், ஃப்ளைட் டிக்கெட் வெறும் 15 யூரோ!" - இந்த மாதிரி ஒரு ரீலை நீங்களும் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. பார்த்துட்டு நண்பனுக்கு ஃபார்வேர்டும் பண்ணியிருப்பீங்க. நானும் அப்படித்தான் பண்ணினேன். ஆனா, அந்த நண்பன் வேலை பார்ப்பது மியூனிக்கில். "லீவு போட்டு வா, போலாம்"னு பதில் வந்துருச்சு. ஸ்டட்கார்ட்டில் எம்.எஸ் படிக்கும் தோழி ஒருத்தியும் சேர்ந்துகொள்ள, ஜெர்மனியிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்கு மூன்று டிக்கெட் போட்டோம். ரீலில் சொன்னது பொய்யில்லை. ஆளுக்கு 15 யூரோதான். நம்ம ஊர் காசுக்கு சுமார் 1,500 ரூபாய்.

போர்டிங் கேட்டில் ஒரு இரும்புச் சட்டம் வெச்சிருந்தாங்க. என் பேக்கை அதுக்குள்ள இறக்கச் சொன்னாங்க. சக்கரம் இருக்கும் அடிப்பக்கம் மட்டும் இரண்டு விரல் அளவுக்கு வெளியே நின்னுச்சு. "60 யூரோ" என்றார் அந்தப் பெண், முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல். டிக்கெட்டைப் போல நான்கு மடங்கு! பின்னாடி நூறு பேர் வரிசையில் நிக்கும்போது அங்கே என்ன வாதாட முடியும்? கார்டைத் தேய்ச்சுட்டு உள்ளே போனேன்.

வந்த கடுப்பில், 'இவங்க எப்படித்தான் சம்பாதிக்கிறாங்க?' எனத் தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. ஏன்னா, இந்த டிக்கெட்டில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. எல்லாமே முன்கூட்டியே எழுதி வெச்ச விதிகள். படிக்காம போனா நம்ம காசு, படிச்சுட்டுப் போனா அவங்க காசு. அவ்வளவுதான்.

15 யூரோவுக்கு எப்படி கட்டுப்படியாகுது?

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் எந்த ரூட்டில் யார் பறக்கலாம், டிக்கெட் எவ்வளவு என்பதையெல்லாம் அந்தந்த நாட்டு அரசுகள்தான் தீர்மானித்தன. 1987-லிருந்து இந்தக் கட்டுப்பாடுகளைப் படிப்படியாக எடுக்க ஆரம்பித்தார்கள். 1997-க்குப் பிறகு யூனியனைச் சேர்ந்த எந்த நாட்டு விமான நிறுவனமும், யூனியனுக்குள் எந்த இரண்டு ஊர்களுக்கு இடையிலும் பறக்கலாம் என்றானது. அயர்லாந்தின் ரயன்ஏர், 1995-ல் லண்டன் லூட்டனில் ஆரம்பித்த ஈஸிஜெட், ஹங்கேரியின் விஸ் ஏர் எல்லாம் இந்தக் கதவு திறந்ததால் பெரிதானவை. ஈஸிஜெட்டின் முதல் விமானம் லூட்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு. டிக்கெட் 29 பவுண்டு. 'ஒரு ஜீன்ஸ் பேன்ட் விலைக்கு ஃப்ளைட்' என விளம்பரம் செய்தார்கள். ட்ராவல் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்கக் கூடாது என்பதற்காக, புக்கிங் போன் நம்பரை விமானத்தின் மேலேயே பெரிதாக எழுதியிருந்தார்கள். 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதுசா இருக்காது. ஏர் டெக்கான் கோபிநாத் இங்கே செய்து பார்த்ததும் இதே கணக்கைத்தான்.

கணக்கு இதுதான். விமானம் தரையில் நின்றால் நஷ்டம், பறந்தால்தான் காசு. அதனால் தரையிறங்கி, ஆட்களை இறக்கி, அடுத்த ஆட்களை ஏற்றிக் கிளம்ப ரயன்ஏர் வைத்திருக்கும் இலக்கு வெறும் 25 நிமிடங்கள். சீட்டுக்குப் பின்னால் பை கிடையாது. பை இருந்தால் அதில் குப்பை சேரும், குப்பையை எடுக்க நேரமாகும். சீட் பின்னால் சாயாது. சாய்கிற சீட்டுக்கு ரிப்பேர் வேலை அதிகம். கிட்டத்தட்ட எல்லா விமானமும் ஒரே போயிங் 737 ரகம். பைலட் பயிற்சி, உதிரி பாகம் எல்லாமே ஒரே மாதிரி போதும். இப்படி நூறு இடங்களில் செலவைக் கிள்ளி எடுக்கிறார்கள்.

அப்புறம் லாபம்? பேக், சீட் தேர்வு, முதலில் ஏறும் உரிமை, உள்ளே விற்கும் சாண்ட்விச், வெப்சைட்டிலேயே விற்கும் வாடகை கார்! ரயன்ஏரின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிக்கெட் அல்லாத இந்த வகைகளில்தான் வருகிறது. டாய்லெட்டுக்குக்கூட காசு வாங்கலாமா என அதன் தலைவர் மைக்கேல் ஓ'லியரி 2009-ல் பேசி, உலகமே பொங்கியது. அது நடக்கவில்லை. ஆனா, அந்தப் பேச்சால் கிடைத்த ஓசி விளம்பரம் எத்தனை கோடி தேறும் என யோசித்துப் பாருங்கள். மனுஷன் விவரமானவர்!

ஆக, 15 யூரோ என்பது உங்க உடம்புக்கும், சீட்டுக்கு அடியில் வைக்கக்கூடிய ஒரு சின்ன பைக்கும் மட்டும்தான். ரயன்ஏர், விஸ் ஏர் இரண்டிலும் அந்தப் பை 40×30×20 செ.மீ-க்குள் இருக்க வேண்டும். ஈஸிஜெட்டில் கொஞ்சம் தாராளம், 45×36×20. இந்த அளவுகள் அடிக்கடி மாறும், அதனால் புக் பண்ணும் நாளில் ஒருமுறை செக் பண்ணிக்கோங்க. இன்ச் டேப் எடுத்து சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்து அளங்க. சக்கரம் வெச்ச பேக்கே வேண்டாம், அமுங்குற மாதிரி துணி பேக்பேக்தான் பெஸ்ட் என்பது 60 யூரோ கொடுத்து நான் வாங்கிய ஞானம். பெரிய பேக் வேணும்னா டிக்கெட் போடும்போதே வாங்கிடுங்க. அதே பேக்குக்கு ஏர்போர்ட் கவுண்டரில் விலை ஏறும், கேட்டில் இன்னும் ஏறும்.

செக்-இன் விஷயமும் அப்படித்தான். வீட்டிலேயே ஆன்லைனில் முடிக்காமல் ஏர்போர்ட் போய் நின்னா, ரயன்ஏரில் 55 யூரோ வரை கேட்பார்கள். அப்புறம், ஐரோப்பிய பாஸ்போர்ட் இல்லாத நமக்கென்றே ஒரு வேலை இருக்கு. பல பட்ஜெட் விமானங்களில் நம்ம விசாவை கவுண்டரில் ஒருமுறை காட்டி சரிபார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். கையில் பை மட்டும்தானே என நேரா செக்யூரிட்டிக்குப் போய், கேட்டில் திருப்பி அனுப்பப்பட்டு ஓடி வந்தவர்கள் உண்டு. அரை மணி நேரம் முன்னாடியே போய்டுங்க.

'பாரிஸ்'னு போட்டிருக்கும், பாரிஸ் இருக்காது

செலவைக் கிள்ளும் இன்னொரு இடம், ஏர்போர்ட். பெரிய ஏர்போர்ட்டில் கட்டணம் அதிகம், கூட்டமும் அதிகம். அதனால் ஊருக்கு வெளியே இருக்கும் சின்ன ஏர்போர்ட்டில் இறக்கிவிடுவார்கள். டிக்கெட்டில் 'பாரிஸ் பூவே' என இருக்கும். அங்கிருந்து பாரிஸ் சுமார் 85 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். 'ஃபிராங்க்ஃபர்ட் ஹான்' இன்னும் மோசம், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி. 'சென்னை - விழுப்புரம்'னு பேர் வெச்சா நாம ஒத்துக்குவோமா? விடியற்காலை 6 மணி ஃப்ளைட் என்றால் அந்த நேரத்துக்கு பஸ் இருக்கா, இல்லாட்டி முதல் நாள் ராத்திரி அங்கேயே ரூம் போடணுமா என்பதையெல்லாம் கூட்டிப் பார்த்துட்டுத்தான் டிக்கெட் மலிவா இல்லையானு சொல்ல முடியும்.

இதைவிட ஆபத்தானது கனெக்‌ஷன். சென்னையிலிருந்து லண்டன் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து பார்சிலோனாவுக்கு பட்ஜெட் ஏர்லைனில் தனி டிக்கெட் போட்டால் ஆயிரக்கணக்கில் மிச்சம் என ஆப் காட்டும். ஆனா, நீங்க இறங்குறது ஹீத்ரோ, ஏற வேண்டியது ஸ்டான்ஸ்டெட். இரண்டுக்கும் நடுவுல மொத்த லண்டனும் இருக்கு. ஊருக்குள் நுழைய பிரிட்டன் விசா வேண்டும், கையில் இருக்கும் ஷெங்கன் விசா அங்கே செல்லாது. முதல் விமானம் லேட்டாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் சம்பந்தமே இல்லை. புது டிக்கெட் நீங்கதான் வாங்கணும்.

விசா பற்றியும் ஒரு பாராவில் சொல்லிடறேன். ஷெங்கன் பகுதியில் இப்போ 29 நாடுகள். விசா கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோ கவரேஜ் உள்ள ட்ராவல் இன்ஷூரன்ஸ் கட்டாயம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்கணும். அப்பாயின்ட்மென்ட் ஈஸியா கிடைக்குதுனு வேற நாட்டில் போட்டுட்டு, டிக்கெட்டெல்லாம் இன்னொரு நாட்டுக்கு இருந்தா ரிஜெக்ட் ஆக வாய்ப்பு இருக்கு. சிங்கிள் என்ட்ரி விசாவோட நடுவுல லண்டனுக்கோ டப்ளினுக்கோ ஒரு எட்டு போய்ட்டு வரலாம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. வெளியே போனா போனதுதான், திரும்ப உள்ளே வர முடியாது.

கார் கவுண்டரில் கண்ணைக் கட்டிய கதை

மலாகாவில் இறங்கியாச்சு. கார் ஏற்கெனவே புக் பண்ணியிருந்தேன். ஆறு நாளைக்கு 140 யூரோ, முழுப் பணமும் கட்டியாச்சு. லைசென்ஸ், ஐ.டி.பி எல்லாம் ரெடி. கவுண்டரில் இருந்தவர் சிரிச்ச முகத்தோட, "கிரெடிட் கார்டு?" என்றார். நான் ஃபாரெக்ஸ் கார்டை நீட்டினேன். தலையை ஆட்டினார். டெபிட் கார்டை நீட்டினேன். மறுபடியும் தலையாட்டல். "என் ஃப்ரெண்டு கிரெடிட் கார்டு இருக்கு" என்றேன். "புக்கிங் யார் பேரில் இருக்கோ, அவர் பேரில்தான் கார்டு இருக்கணும்" என்றார்.

"டேய், கண்டிஷன்ஸ் படிக்கவே இல்லையா நீ?" என்றான் நண்பன். படிச்சிருந்தா ஏன்டா இங்க நிக்கிறேன்? கட்டின 140 யூரோ போச்சு. நண்பன் பேரில் அங்கேயே புதுசா புக் பண்ணினோம், 310 யூரோ. என் மூணு மாச சேமிப்பில் ஒரு பெரிய துண்டு, சுத்திப் பார்க்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே காலி. தோழி அன்னிக்கு ராத்திரி வெறும் பிரெட்டும் சீஸும்தான் சாப்பிட்டாள். அதையும் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினோம்.

ஏன் கிரெடிட் கார்டையே பிடித்துத் தொங்குகிறார்கள்? வாடகையில் அடிப்படை இன்ஷூரன்ஸ் அடங்கியிருக்கும். ஆனா, வண்டிக்கு ஏதாவது ஆனால் முதல் 1,000 முதல் 2,000 யூரோ வரை நாமதான் ஏற்கணும். இதுக்குப் பேர் 'எக்ஸஸ்'. அந்தத் தொகையை நம்ம கார்டில் பிளாக் பண்ணி வெச்சுப்பாங்க, வண்டி நல்லபடியா திரும்பி வந்தா விடுவிப்பாங்க. டெபிட் கார்டில் அப்படிப் பிடித்து வைப்பது சிக்கல் என்பதால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். கார்டு லிமிட் போதுமா, இன்டர்நேஷனல் பயன்பாட்டை ஆன் பண்ணியாச்சா என்பதைச் சென்னையிலேயே பார்த்துடுங்க.

இந்த எக்ஸஸ் பயத்தை வைத்துத்தான் கவுண்டரில் அடுத்த வியாபாரம். "ஒரு நாளைக்கு 25 யூரோ கொடுத்தா, எது நடந்தாலும் நீங்க ஒரு பைசா கட்ட வேண்டாம்" என்பார்கள். ஒரு நாளைக்கு 23 யூரோ வாடகை காருக்கு 25 யூரோ இன்ஷூரன்ஸ்! ஃப்ளைட் டிக்கெட்டில் பார்த்த அதே ஃபார்முலாதான். இதே எக்ஸஸை ஈடுகட்டும் பாலிசிகளை வெளியே உள்ள இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் இதைவிட மலிவாக விற்கின்றன. ஆனால் அதில் ஏதாவது நடந்தால் முதலில் நீங்க கட்டிட்டு, அப்புறம் க்ளெய்ம் பண்ணி வாங்கணும். அந்த அலைச்சல் வேண்டாம்னா கவுண்டரிலேயே எடுக்கலாம், தப்பில்லை. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இதெல்லாம் கவர் ஆகுதா என மட்டும் வாய்விட்டுக் கேளுங்க. பல அடிப்படை பாலிசிகளில் இவை இருக்காது.

இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எனப்படும் ஐ.டி.பி நம்ம ஆர்.டி.ஓ ஆபீஸிலேயே கிடைக்கும். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். அதோட ஒரிஜினல் லைசென்ஸும் கையில் இருக்கணும், போன்ல இருக்கிற டிஜிலாக்கர் அங்கே செல்லாது. வயசு 25-க்குக் கீழேன்னா பெரும்பாலான நிறுவனங்கள் தினமும் கூடுதல் கட்டணம் வாங்கும். ஆட்டோமேட்டிக்தான் ஓட்டுவேன்னா முன்கூட்டியே சொல்லி புக் பண்ணுங்க. ஐரோப்பாவில் சும்மா 'கார்' என்றால் கியர் வண்டிதான் வரும், ஆட்டோமேட்டிக் விலை அதிகம்.

சாவி வாங்கினதும் ஓட்டிடாதீங்க. வண்டியை ஒரு சுற்று முழுசா வீடியோ எடுங்க. ஒவ்வொரு கீறல், வீல் ரிம், விண்ட்ஷீல்டு, பெட்ரோல் மீட்டர், ஓடின கிலோமீட்டர் எல்லாம். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே மாதிரி. பெட்ரோல் பாலிசி 'ஃபுல் டு ஃபுல்'னு இருக்குறதுதான் நியாயமானது.

வலது கை கியர், வைப்பர் இண்டிகேட்டர்

ரோட்டில் வலது பக்கம் ஓட்டணும், ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில். (பிரிட்டன், அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நான்கும் நம்ம மாதிரி.) முதல் நாள் நான் திரும்பும்போதெல்லாம் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஆடுச்சு. ஏன்னா, நம்ம ஊர் கார்கள் பலவற்றில் இண்டிகேட்டர் ஸ்டியரிங்கின் வலப்பக்கம், அங்கே இடப்பக்கம். கூடுதல் டிரைவராக என் பேரையும் சேர்த்திருந்ததால் நானும் ஓட்டினேன். ரவுண்டானாவில் உள்ளே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை. நம்ம ஊர் மாதிரி மூக்கை நுழைச்சா ஹாரன் வராது, நேரா இடிதான் வரும்.

பெட்ரோல் பங்கில் ஒரு பெரிய கண்ணி இருக்கு. ஸ்பெயினில் 'கசோலினா' என்றால் பெட்ரோல், 'கசோலியோ' என்றால் டீசல். அவசரத்தில் இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும். மாற்றிப் போட்டால் இன்ஜின் காலி, பெரும்பாலும் இன்ஷூரன்ஸும் வராது. 2018-லிருந்து ஐரோப்பிய யூனியன் முழுக்க பொதுவான ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பெட்ரோலுக்கு வட்டம், உள்ளே இ5 அல்லது இ10 என்றிருக்கும். டீசலுக்குச் சதுரம், பி7 என்றிருக்கும். டேங்க் மூடிக்கு உள்ளேயும் அதே அடையாளம் இருக்கும். இரண்டையும் பொருத்திப் பாருங்க, மொழியே வேண்டாம்.

சரி, இவ்வளவு தலைவலிக்கு கார் தேவையா? பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம்னு பெரிய ஊரிலிருந்து பெரிய ஊருக்குப் போறீங்கன்னா வேண்டவே வேண்டாம், பார்க்கிங்கே உங்களைக் காலி பண்ணிடும். பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, அங்கே ஃப்ளைட்டும் வேஸ்ட். ஆனா, மூணு பேர் இருந்து, கிராமங்களும் மலைப்பாதைகளும் பார்க்கணும்னா காரை அடிச்சுக்க எதுவும் இல்லை.

மலாகாவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் ரோண்டா. கிட்டத்தட்ட 100 மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கின் இரு கரையிலும் ஊர், நடுவுல 18-ம் நூற்றாண்டுப் பாலம். பக்கத்திலேயே செட்டெனில் என்ற ஊர். பெரிய பாறை ஒன்று கூரையாக நீண்டு நிற்க, அதுக்குக் கீழே வரிசையா வீடுகளும் டீக்கடை மாதிரி சின்னச் சின்ன பார்களும். பஸ்ஸில் வந்திருந்தா இரண்டையும் ஒரே நாளில் நிதானமா பார்த்திருக்க முடியாது. ஆலிவ் தோப்புகளுக்கு நடுவுல எங்கே வேணும்னாலும் நிறுத்தி நின்னோம். அந்த மதியத்துக்காக 310 யூரோவை மன்னிச்சுட்டேன். அங்கிருந்து செவில், கோர்டோபா, கிரனாடா போய்ட்டு மறுபடி மலாகா. அந்த ரோடுகளில் 'ஏ' என்று ஆரம்பிக்கும் நெடுஞ்சாலைகளுக்கு டோல் இல்லை, 'ஏபி' என்றிருந்தால் டோல் இருக்கலாம். கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு மட்டும் பல வாரங்கள் முன்னாடியே டிக்கெட் போடுங்க, பாஸ்போர்ட்டையும் எடுத்துட்டுப் போங்க.

மற்ற நாடுகளுக்குப் போனால் வேறு விதிகள். ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, சுவிட்சர்லாந்தில் மோட்டார்வேயில் ஏற 'விக்னெட்' என்ற வரி கட்டணும். சுவிஸில் ஒரு நாளைக்கு ஓட்டினாலும் வருஷத்துக்கான 40 ஃபிராங்க்தான். இத்தாலியில் இருப்பது இன்னும் கொடுமை. ஃபுளோரன்ஸ், பிசா, ரோம் எனப் பழைய நகரங்களின் மையத்தில் 'இசட்.டி.எல்' என்ற வெளி வண்டிகளுக்குத் தடையான பகுதி உண்டு. கேட் கிடையாது, போலீஸ் கிடையாது, கேமரா மட்டும். 'வார்கோ அத்திவோ' என போர்டு எரிந்தால் கேமரா வேலை செய்கிறது என்று அர்த்தம். வழி தெரியாம மூணு தடவை நுழைஞ்சா மூணு ஃபைன். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த நோட்டீஸை அனுப்ப 360 நாள் அவகாசம் இருக்கு. நீங்க அந்த டூரையே மறந்திருப்பீங்க.

திரும்பி வரும்போது எங்க ஃப்ளைட் லேட். யூனியன் நாட்டிலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் 'இசி 261' என்ற 2004-ம் ஆண்டுச் சட்டம் பொருந்தும், உங்க பாஸ்போர்ட் எந்த நாடு என்பது விஷயமே இல்லை. விமான நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரமோ அதுக்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 250 யூரோவிலிருந்து 600 யூரோ வரை நஷ்ட ஈடு கேட்கலாம். புயல் மாதிரியான காரணம்னா கிடையாது. 15 யூரோ டிக்கெட்டுக்கும் அதே தொகைதான்! சக்கரம் தரையைத் தொடும் நேரம் கணக்கில்லை, கதவு திறக்கும் நேரம்தான் கணக்கு. நாங்க மூணு பேரும் போனில் கடிகாரத்தையே பார்த்துட்டு இருந்தோம். 400 யூரோவை மனசுக்குள்ளேயே செலவும் பண்ணிட்டோம். இரண்டு மணி ஐம்பது நிமிஷத்தில் கதவைத் திறந்துட்டாங்க!

கதை அதோட முடியலை. நாலு மாசம் கழிச்சு நண்பனுக்கு ரெண்டு கடிதம். ஒன்று கார் நிறுவனத்திலிருந்து. 'உங்கள் விவரத்தை அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்குக் கட்டணம்' என 40 யூரோ. இன்னொன்று கோர்டோபா நகராட்சி ஃபைன், 90 யூரோ. பழைய ஊருக்குள் இருக்கும் ஹோட்டலுக்கு வண்டியில் போகலாம், ஆனா வண்டி நம்பரை ஹோட்டல்காரரிடம் சொல்லி நகராட்சியில் பதியச் சொல்லணும். அந்த விஷயம் எங்களுக்குத் தெரிஞ்சதே மறுநாள் காலை உணவு மேஜையில்தான். ஸ்பெயினில் 20 நாளுக்குள் கட்டினால் ஃபைனில் பாதி தள்ளுபடி. அவன் அன்னிக்கே 45 யூரோ கட்டிட்டான். என் பங்கை திருச்சியில் இருக்கும் அவன் அம்மாவுக்கு ஜிபே பண்ணினேன். "எதுக்குப்பா இந்தக் காசு?"னு அம்மா போன் பண்ணிக் கேட்டாங்க. பார்க்கிங்குக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன்.